டேப் பிடித்தவள்

இரும்புலியூர்,
18-8-2024, ஞாயிறு

அன்புள்ள தீபா,

ஒரே வீட்டில் இருப்பவர், நாம் நம்பித் திறந்துவிட்ட கதவு வழியாக வந்து, திறக்காத அலமாரியில் கை வைத்தால் அதற்கு என்ன பெயர்? திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு சொல்லும் தெரியவில்லை. இரண்டு வாரமாக யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் மாற்றம். உனக்கும் அரிகிருஷ்ணனுக்கும் அந்தத் தீவுத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? இந்தக் காலத்தில் அக்கா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் பேசினால் மாடிக்குக் கேட்கும். மின்னஞ்சல் ஏன் இல்லை என்பது கீழே படித்தால் தெரியும்.

அண்ணன் ஜூலையில் புது லேப்டாப் வாங்கினார். வாங்கிய மறுநாளே கீழே இறங்கி வந்து, "கோகிலா, அம்மா போட்டோ, தீபா கல்யாண போட்டோ எல்லாம் உன் பொட்டியிலதானே கீது? என்னுதுல வர்ற மாதிரி பண்ணிக் குடு" என்றார். என் கம்ப்யூட்டர் 2006-இல் வாங்கியது. அதற்கு முதல் பாஸ்வேர்ட் வைத்தவளே நீதான். ஓடுகிறதை ஏன் மாற்ற வேண்டும் என்று நான் விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே ரௌட்டரில்தான் இருக்கின்றன. ஆனாலும் பழையது புதியதன் கண்ணில் படவே இல்லை.

"இன்னாமா, உன் பொட்டிய என் பொட்டி மதிக்கவே மாட்டுது?" என்று அண்ணன் சிரித்தார்.

மூன்று ஞாயிறு பிடித்தது. பழைய கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்றுதான். அது பாதுகாப்பில்லாதது என்று புதிய கம்ப்யூட்டர்களில் அதை மூடிவைத்திருக்கிறார்கள். அண்ணனுடைய லேப்டாப்பில் அதைத் தேடிப் பிடித்துத் திறந்துவிட்டேன். திறக்கும்போது ஆபத்து என்று அதுவே ஒரு தடவை எச்சரித்தது. வீட்டுக்குள் என்ன ஆபத்து என்று நினைத்துச் சரி போட்டேன்.

எல்லோருக்குமாகத் திறந்தது படங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும்தான். கிணறு ஃபோல்டருக்குப் பாஸ்வேர்ட் உண்டு. கல்லூரி லேப்டாப்பிலிருந்து நான் மட்டும் திறப்பேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, வழக்கம்போல இருபத்துமூன்று கிணறும் அளந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பதினாலு வருஷமாகச் செய்கிற வேலை உனக்குத் தெரியும். டேப் நுனியில் சாக்பீஸ் தடவிக் கிணற்றில் இறக்கினால் எதுவரை நனைந்தது என்று தெரியும், அதை எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எண்களைப் போட்டுச் சேமிக்கப் போனேன். திரையில் ஒரு வரி வந்தது. இந்த ஃபைலை வேறொருவர் திறந்துவைத்திருக்கிறார். பக்கத்தில் பெயர்: தயாளன்.

மேலே அண்ணன் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் போய்க் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
கோகிலவாணி


போர்ட் பிளேர்,
6-9-2024

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தில் கடிதம் வந்ததைப் பார்த்து முதலில் பயந்துவிட்டேன். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று வாசலிலேயே பிரித்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் சுகம். இங்கே விடாத மழை. பள்ளிக்கூடத்தில் பாதி நாள் கரண்ட் இல்லை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அண்ணன் அந்த ஃபைலைச் சும்மா பார்த்திருப்பார், அக்கா. அவருக்கு எதையும் திறந்து பார்க்கிற பழக்கம். சின்ன வயதில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? எடுக்க மாட்டார், பார்ப்பார். இதற்குப் போய்த் திருட்டு, அலமாரி என்றெல்லாம் எழுதுகிறாய். நேரில் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடுமே.

போன மாதம் என்னிடம் பேசினார். அம்மா படங்கள் கிடைத்தன என்று சந்தோஷப்பட்டார். வேறு எதுவும் பேசவில்லை.

பக்கத்து வீட்டு ஜெனி கருவாடு கொடுத்திருக்கிறாள். யாராவது சென்னைக்கு வந்தால் அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடி போட்ட படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்
தீபா


இரும்புலியூர்,
29-9-2024

அன்புள்ள தீபா,

கடிதம் வந்தது. நலம். கருவாடு வேண்டாம், அண்ணிக்கு வாசனை ஆகாது.

ஜாமெட்ரி பாக்ஸ் நினைவிருக்கிறது. அதிலிருந்த காம்பஸ் என்ன ஆனது என்பதும் நினைவிருக்கிறது.

நம் தெருக் கோடியில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு காலி மனை இருக்கிறதல்லவா, அங்கே நானூறு அடிக்குப் போர் போட்டு லாரிகளில் தண்ணீர் நிரப்ப ஒரு காண்ட்ராக்டர் கேட்கிறார். பதிலுக்குச் சங்கக் கட்டடத்துக்கு மாடி கட்டித் தருவாராம். பாதிப் பேருக்கு மாடி மேல் ஆசை. அண்ணன் கூடாது என்கிறார். அதில் எனக்கும் அவருக்கும் வேறு கருத்தில்லை. 2019 கோடையில் பின்தெருவில் இப்படி ஒரு போர் ஓடிய மூன்றே மாதத்தில் நம் தெருவில் ஏழு கிணறு வறண்டது. அதற்குச் சாட்சி என் ஃபைல்தான். வேறு யாரும் எழுதிவைக்கவில்லை.

போன வாரம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. லேப்டாப் திரையைப் போனில் பிடித்தது. என் பட்டியல், என் வரைபடம், நான் போட்ட நிறங்கள். மேலே எழுதியிருந்தது: "நம் கிணறுகளின் பதினாலு ஆண்டு நீர்மட்டம். ஆய்வு: ச. தயாளன்." எழுபது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

ஏழாம் எண் கிணற்றுக்காரி அபிதகுஜாம்பாள் பால் பூத்தில் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். "ஏம்பா தயாளா, உன் தங்கச்சிதானே மாசாமாசம் வந்து அளந்துகினு போவுது?"

"ஆமாக்கா, டேப்பு அவதான் புடிச்சா. மூளை நம்மளுது. சும்மா அளந்து அளந்து எழுதிவச்சா ஆச்சா? அதுலேர்ந்து விஷயத்த எடுக்கத் தெரிய வேணாமா?"

இதை அவள் என்னிடம் தமாஷாகத்தான் சொன்னாள். "உன்ன டேப்பு புடிக்கிறவளாக்கிட்டாம்மா உங்க அண்ணன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நூற்றறுபத்தெட்டு மாதம், தீபா. வெற்றிவேல் வீட்டு நாய் என்னைக் கடித்த ஞாயிறும் அளந்தேன். அம்மாவின் காரியம் முடிந்த வாரமும் அளந்தேன்.

ஒரு விஷயம். கிணறு ஃபோல்டரின் பாஸ்வேர்ட் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உனக்கு, அம்மாவுக்கு. அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது.

அரிகிருஷ்ணனைக் கேட்டதாகச் சொல்.

கோகிலவாணி


போர்ட் பிளேர்,
12-11-2024

அக்கா,

ஆறு வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். தீபாவளிக்குப் போன் செய்தபோது நீ "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்டாய். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் இறங்கவில்லை.

நான்தான் சொன்னேன். ஜூலைக் கடைசியில் அண்ணன் பகல் நேரத்தில் கூப்பிட்டார். "தீபா, அம்மா பேசுன ரெக்கார்டு ஒண்ணு கோகிலா பொட்டியில இருக்கும்னு தோணுது. அது பாஸ்வேர்ட் கேக்குது. அவ காலேஜுல கீறா, கிளாஸ் நேரத்துல எதுக்குத் தொந்தரவு" என்றார். அம்மா குரல் என்றதும் நான் யோசிக்கவில்லை. அம்மா பெயரும் வீட்டு நம்பரும் என்று சொல்லிவிட்டேன். மாற்றியிருப்பாய் என்றுகூட நினைத்தேன். நீ மாற்றவே இல்லை.

அம்மா குரல் கிடைத்ததா என்று பிறகு கேட்டேன். "அதெல்லாம் இல்ல, வேற ஏதோ கீது" என்றார். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். போன கடிதத்தில் மறைத்தேன். என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

இங்கே இருவரும் நலம். நீ நலமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தீபா


இரும்புலியூர்,
22-12-2024

தீபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். பாஸ்வேர்டை நான் இன்னமும் மாற்றவில்லை.

நலம். நல்ல மழை. புயல் வந்த வாரம் தெருவில் முழங்கால் தண்ணீர். கிணறெல்லாம் நிறைந்திருக்கின்றன. டிசம்பர் அளவில் அபிதகுஜாம்பாள் கிணற்றில் ஐந்தே முக்கால் அடியிலேயே தண்ணீர். குனிந்தால் முகம் தெரிகிறது.

போன ஞாயிறு அண்ணன் என்னை மேலே கூப்பிட்டார். பட்டியலில் வீட்டுக்காரர் பெயர்களைப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறேன் அல்லவா, அவருடைய லேப்டாப்பில் அது கொக்கியும் புள்ளியுமாக வருகிறது. "இன்னா பாஷைம்மா இது? என் பொட்டிக்கு வலிப்பு வந்த மாதிரி கீது" என்றார். என் பட்டியலை என்னிடமே காட்டிச் சரிசெய்யச் சொல்வதில் அவருக்குத் தயக்கம் ஏதும் இல்லை. "நம்ம சார்ட்டு" என்றே சொன்னார். நான் பழைய எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தேன். பெயர்கள் ஒழுங்காக வந்தன.

அப்போதுதான் பார்த்தேன். முகப்பில் 'கிணறு' என்று ஒரு ஃபோல்டர். அதன் மூலையில் சின்ன அம்புக்குறி.

உனக்குத் தெரியும், அம்புக்குறி இருந்தால் அது நகல் இல்லை, ஷார்ட்கட். ஃபைல் அவரிடம் இல்லை. இதுவரை இருந்ததும் இல்லை. என் கம்ப்யூட்டருக்கு வரும் வழி மட்டும்தான் அங்கே இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும்வரை தட்டினால் உடனே திறக்கிறது, அதனால் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனால் அந்த அம்புக்குறிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"எல்லாத்தையும் இதுக்குள்ள எறக்கிட்டேன், பாத்தியா" என்று லேப்டாப்பின் மேல் தட்டிக் காட்டினார்.

அண்ணி காபி கொடுத்தாள். நன்றாக இருந்தது. குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

கோகிலவாணி


போர்ட் பிளேர்,
10-1-2025

அன்புள்ள அக்கா,

நீ பதில் போட்டதே எனக்குப் பெரிது. உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். இங்கே கரும்பு கிடைப்பதில்லை. அரிகிருஷ்ணன் எங்கிருந்தோ இரண்டு துண்டு கொண்டுவந்திருக்கிறார், விறகு மாதிரி இருக்கிறது. எனக்கு லேசாகச் சளி. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காபி நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த அம்புக்குறியைப் பற்றி அண்ணனிடம் சொன்னாயா என்று எழுதவில்லை. சொல்லிவிட்டாய்தானே?

தீபா


இரும்புலியூர்,
26-1-2025

அன்புள்ள தீபா,

சளிக்கு மிளகு ரசம் வை. நான் நலம். பொங்கலுக்கு அண்ணி எனக்கு ஒரு புடவை எடுத்தாள், பச்சைக் கரை. ஒன்பதாம் எண் கிணற்றில் ஆமை விட்டிருக்கிறார்கள், டேப்பைக் கவ்வ வருகிறது. கல்லூரியில் தேர்வுத்தாள் வந்து குவிந்துவிட்டது.

பொதுக்குழு மார்ச் 16, ஞாயிறு காலை பத்து மணி. ரெயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் கல்யாண மண்டபத்தில். போர் போடலாமா என்று அன்றே கை தூக்கித் தீர்மானிக்கிறார்கள். இப்போது வெற்றிவேல்தான் செயலாளர். "யாரும் கதை பேச வேணாம். கெணறு வத்தும்னா நம்பர காட்டுங்க, ஒத்துக்கிறோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். காட்டப்போகிறவர் அண்ணன். அதற்குப் பிறகு அடுத்த தலைவர் அவர்தான் என்று பேச்சு.

தினமும் மாலை மேலே ஒத்திகை நடக்கிறது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு, நான் இப்டி நிப்பேன். பின்னால ஸ்கிரீன்ல கிராஃபு ஏறும், எறங்கும். 2019 வந்ததும் ஒரு நிமிஷம் பேச மாட்டேன். சும்மா நிப்பேன். சனம் கப்சிப்னு ஆயிடும்."

"நல்லா இருக்கு அண்ணா."

"நீயும் வா. டேப்பு புடிச்ச கை, முன்வரிசையில குந்து. ரெண்டு வார்த்தை உன்னப் பத்தியும் சொல்லிடறேன், இன்னா?"

எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார், ஆக்கினேன். நிறத்தை மாற்றச் சொன்னார், மாற்றினேன். அவர் கேட்டது எதையும் நான் இல்லை என்று சொல்லவில்லை.

கோகிலவாணி


போர்ட் பிளேர்,
14-2-2025

அன்புள்ள அக்கா,

ஆமையைப் பற்றி எழுதியிருக்கிறாய். புடவைக் கரையைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒன்றே ஒன்றுக்குப் பதில் இல்லை. அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவர் செய்தது தப்பு. நான் செய்ததும் தப்பு. ஆனால் அன்று மண்டபத்தில் அந்த ஃபைல் திறக்காவிட்டால் போர் வந்துவிடும். அபிதகுஜாம்பாள் அக்கா என்ன பாவம் செய்தாள்? நீ பதினாலு வருஷம் பார்த்துப் பார்த்து அளந்த கிணறுகள். எங்கள் ஊர் பெயரையே மாற்றிவிட்டார்கள், உனக்குத் தெரியும். ஆனாலும் பழைய பெயருக்கு நீ எழுதும் கடிதம் வந்து சேர்கிறது, கடலும் அதே இடத்தில் இருக்கிறது. மேலே யார் பெயர் இருந்தால் என்ன? கிணறு கிணறுதானே?

நீ சொல்லாவிட்டால் நான் அண்ணனுக்குப் போன் செய்து சொல்வேன். உன்னிடம் சொல்லிவிட்டே செய்கிறேன். இந்தத் தடவை மறைக்க மாட்டேன்.

சளி போய்விட்டது. அரிகிருஷ்ணன் உன்னை விசாரித்தார்.

தீபா


இரும்புலியூர்,
1-3-2025

தீபா,

யார் பெயர் இருந்தால் என்ன என்கிறாய். யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் என் பெயரே இருந்துவிட்டுப் போகட்டுமே. அதை ஏன் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை?

கிணறுகளைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டாம். ஃபைல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நம்பர் வேண்டுமென்றால் அதை எடுத்தவளைக் கூப்பிடட்டும். கூப்பிட்டால் வருவேன்.

நீ தாராளமாக அவருக்குப் போன் செய்யலாம். பாஸ்வேர்டைச் சொன்ன வாய்தானே.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கோகிலவாணி


இரும்புலியூர்,
16-3-2025, ஞாயிறு மாலை

அன்புள்ள தீபா,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு வாரமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. நீ அவரிடம் சொல்லவில்லை என்பது இன்று காலை பத்து ஐம்பதுக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன்.

அண்ணன் ஒன்பது மணிக்கே வெள்ளைச் சட்டையோடு கிளம்பினார். லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். "வரலியா?" என்றார். "நீங்க போங்க, வேலை இருக்கு" என்றேன். அவர் தெரு திரும்பியதும் அந்தப் பச்சைக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். பதினாலு வருஷத்து அளவையும் அச்செடுத்து வைத்திருந்தேன், நாற்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மண்டபத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம். ஃபைல் திறக்காது, திணறுவார், வேறு வழியில்லாமல் "கோகிலா, நீயே வா" என்பார். நான் இத்தனை பேர் நடுவில் நடந்துபோய் மைக்கைப் பிடிப்பேன். இவ்வளவுதான் என் கணக்கு.

போன் வந்தது.

"கோகிலா, ஃபைல தட்டுனா உன் பொட்டி பேர போட்டு காணோங்குது. உன் சிஸ்டம் ஆன்ல கீதா?"

"ஆன்லதான் இருக்கு அண்ணா."

"அப்ப ஏன் தொறக்க மாட்டுது? காலையில வூட்ல தொறந்துச்சே. ரௌட்டர பாரு."

"பார்த்தேன். எல்லா லைட்டும் எரியுது."

பின்னால் யாரோ மைக்கில், "தயாளன் சார், டைம் ஆவுது" என்றார்கள். அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. "நான் வரட்டுமா" என்று ஒரு வார்த்தை நானே கேட்டிருக்கலாம். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். போனை வைத்துவிட்டார். மறுபடி வரவில்லை. பன்னிரண்டரை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டு ரோஸிதான் திரும்பி வந்து சொன்னாள். "பாவம்கா உங்க அண்ணன், வேர்த்து ஊத்திடுச்சு. தட்டுறாரு தட்டுறாரு, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. அந்தக் காண்ட்ராக்டரு எழுந்து, 'சாரு கெணத்த தேடுறாரு, கம்ப்யூட்டருக்குள்ளயே தண்ணி வத்திப்போச்சு'ன்னான் பாருங்க, மண்டபமே சிரிச்சிது."

தீபா, நான் அதை அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

கை தூக்கிய கணக்கை அதற்குப் பிறகுதான் சொன்னாள். போர் வேண்டும் அறுபத்தொன்று, வேண்டாம் முப்பத்தெட்டு.

அண்ணன் மூன்று மணிக்கு வந்து நேராக மேலே போய்விட்டார். நாளைக் காலை இறங்கி வந்து கத்துவார். கத்தட்டும், என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. அதன்பிறகு இந்த நாற்பத்திரண்டு பக்கத்தையும் வெற்றிவேலிடம் கொடுப்பேன். அவர் எண்களுக்குக் கட்டுப்படுகிறவர், தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஒரே நாளில் எந்தக் கிணறும் வற்றிவிடாது.

இதை இன்னும் ஒட்டவில்லை. நாளை எப்படிப் போகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒட்டுகிறேன்.

17-3-2025, திங்கள்

நடந்தது இது.

காலை ஏழு மணிக்குப் போர் லாரி தெருவுக்குள் வந்தது. காண்ட்ராக்டர் பக்கத்தில் பெருங்களத்தூரிலேயே தயாராக நிறுத்திவைத்திருந்திருக்கிறார். நான் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, காகிதங்களோடு காலி மனைக்கு ஓடினேன். முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். வெற்றிவேல் காகிதங்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 2019 பக்கத்தில் நின்று படித்தார்.

"இவ்ளோ கிளியரா கீதே மேடம். இது நேத்து எங்க இருந்துச்சு?"

என் பையில். அதுதான் பதில். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபிதகுஜாம்பாள் கையில் பால் செம்போடு எனக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் போர் லாரியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அண்ணன் வந்தார். லுங்கியில் இருந்தார், முகம் மழிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் ஃபைல் திறந்திருக்கும், அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கத்தவில்லை. வெற்றிவேல் பக்கம் திரும்பினார்.

"பொட்டி பழசு வெற்றிவேலு. நேத்து கரெக்டா அந்நேரம் பாத்து படுத்துக்கிச்சு. பாவம், நேத்து பூரா குந்தி இவதான் ரிப்பேர் பண்ணி எல்லாத்தையும் வெளிய எடுத்திருக்கா. இதெல்லாம் இவ அளந்ததுதான். பதினாலு வருசம். கணக்கும் இவ போட்டதுதான். நான் சும்மா பேசத்தான் போனேன்."

"அப்டியாம்மா?" என்றாள் அபிதகுஜாம்பாள். என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் எத்தனை மாதமாக எதிர்பார்த்த வார்த்தைகள். ஊர் நடுவில், அவர் வாயாலேயே வந்தன. ஒரு பொய்க்குள் வைத்துக் கொடுத்தார். நான் வாயைத் திறந்து அதை இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். காப்பாற்றிவிட்டார். இதற்காக நான் அவரை மன்னிக்க மாட்டேன்.

வெற்றிவேல் காகிதங்களை மடித்து என்னிடமே கொடுத்தார். "தீர்மானம் பாஸாகி எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு மேடம். ஒரே ஒரு நாள் முன்னால காட்டியிருந்தீங்கன்னா நானே வேணாம்னு கைய தூக்கியிருப்பேன்." அவர் குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஒன்பது இருபதுக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. தெரு முழுக்க வெள்ளைப் புழுதி. நான் வேலியோரமாகவே நின்றேன். பதினொரு மணிவாக்கில் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டார். "உக்காரு, வெயிலு" என்றார். நான் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை.

மூன்று மணிக்கு, இருநூற்றுப் பத்தடியில், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அபிதகுஜாம்பாளும் கை தட்டினாள்.

கோகிலவாணி